பல நாட்டுப் படைகளுக்கு ஒரே தலைமை: லெம்பாங், கண்டி, சுரபாயா

வாசகர் ஒருவரின் கேள்வி, 2023 ஆகஸ்ட் 5

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் கண்டிக்கு அருகே, பேராதனைப் பூங்காவுக்குள் இருந்தது. சண்டை நடந்ததோ பர்மா எல்லையில், இம்பாலிலும் கொஹிமாவிலும். நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பூங்காவில் இருந்தவர்கள் என்னதான் செய்தார்கள்? பல நாட்டுப் படைகளுக்கு ஒரே தளபதி என்பது, அரசுகள் ஒன்றையொன்று சமாதானப்படுத்திக்கொள்ள உண்டாக்கிய அலங்காரப் பதவி என்பது என் முடிவு. மறுப்பவர்கள் எழுதலாம்.

ஆகஸ்ட் 6, காலை

மறுக்கிறேன். முழுமூச்சாக மறுக்கிறேன்.

தூத்துக்குடியில் பட்டறை வேலை பழகி, சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் 27 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன் நான். அந்த அறையில் நின்று பார்த்தால் இந்தக் கேள்விக்கு ஒரு விடை தெரிகிறது.

அரை அங்குல போல்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் விட்வொர்த் அளவில் ஓர் அங்குல நீளத்துக்கு 12 மரை. அமெரிக்க அளவில் 13. மரையின் கோணமும் வேறு: அங்கே 55 பாகை, இங்கே 60. ஒன்றின் நட்டை மற்றதன் போல்ட்டில் வைத்தால் முதல் இரண்டு சுற்று கையாலேயே ஏறும். பொருந்திவிட்டது என்றே தோன்றும். அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளும். ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் மரை வழித்துக்கொண்டு போய்விடும். பிறகு நட்டும் வீண், போல்ட்டும் வீண். பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரை அளவை ஏற்றுக்கொண்டது 1948இல்தான். போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

நேச நாடுகளும் அப்படித்தான் இருந்தன. மாநாட்டு மேசையில் முதல் இரண்டு சுற்று சுலபமாக ஏறும். ஒரு நாட்டின் விமானத்தை இன்னொரு நாட்டின் சிப்பாய்க்காக அனுப்ப வேண்டிய நாளில் பிடித்துக்கொள்ளும். கூட்டுத் தலைமையின் வேலை அந்த நாளில் தொடங்குகிறது. அதை அலங்காரம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 6, இரவு

காலையில் எழுதியதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறீர்கள். தோற்றுப்போனதிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் எல்லாம் வெளிச்சமாகத் தெரியும்.

1941 டிசம்பர் கடைசியில் வாஷிங்டனில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் தங்கள் தளபதிகளோடு கூடினார்கள். கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்கத் தளபதி மார்ஷல் ஒரு கருத்தை வைத்தார்: ஒரு போர்முனை முழுவதற்கும் தரை, கடல், வானம் மூன்றையும் சேர்த்து ஒரே ஆள் பொறுப்பேற்க வேண்டும். சர்ச்சிலுக்கு அது முதலில் பிடிக்கவில்லை. பிறகு இணங்கினார். அப்படிப் பிறந்ததுதான் அமெரிக்க, பிரிட்டிஷ், டச்சு, ஆஸ்திரேலியக் கூட்டுத் தலைமை. நான்கு பெயர்களின் முதலெழுத்தைக் கோத்து ஆப்டா என்றார்கள். பிரிட்டிஷ் தளபதி வேவல் அதன் உச்ச தளபதி. 1942 ஜனவரி 15 அன்று பொறுப்பேற்றார். தலைமையகம் ஜாவாவில், பாண்டுங்குக்கு மேலே உள்ள லெம்பாங் என்ற மலையூரில்.

அவருக்குக் கொடுத்த பரப்பைப் பாருங்கள். பர்மா, மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், பிலிப்பைன்ஸ், பின்னால் சேர்த்த வட ஆஸ்திரேலியா. துணைத் தளபதி அமெரிக்கர். கடற்படைக்கு முதலில் அமெரிக்கரான ஹார்ட், பிறகு டச்சுக்காரரான ஹெல்ஃபிரிக். தரைப்படைக்கு டச்சுக்காரரான டெர் போர்ட்டன். விமானப்படைக்கு பிரிட்டிஷ்காரரான பியர்ஸ். தலைமை அலுவலர் பவ்னல், அவரும் பிரிட்டிஷ். தாளில் எழுதினால் அழகாக இருக்கிறது. நாலு வீட்டுச் சம்பந்திகளையும் ஒரே பந்தியில் உட்கார வைத்த மாதிரி.

ஆனால் ஒவ்வொருவர் மனத்திலும் வேறு வேறு வீடு எரிந்துகொண்டிருந்தது. பிரிட்டனுக்கு சிங்கப்பூர். டச்சுக்காரர்களுக்கு ஜாவா, அவர்களுக்கு அப்போது மிஞ்சியிருந்ததில் மிக முக்கியமான இடம் அதுதான், ஹாலந்து 1940இலேயே ஜெர்மனியிடம் போய்விட்டது. அமெரிக்காவுக்கு பிலிப்பைன்ஸ். ஆஸ்திரேலியாவுக்கு டார்வின். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. 19ஆம் தேதி டார்வினில் குண்டு விழுந்தது. 25ஆம் தேதி ஆப்டாவைக் கலைத்துவிட்டார்கள். மொத்த ஆயுள் 41 நாள்.

ஆகஸ்ட் 7

ஆப்டாவைக் கலைத்த இரண்டாம் நாள் ஜாவாக் கடற்போர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

டச்சு ரியர் அட்மிரல் காரல் டோர்மன், ஜாவாவின் சுரபாயாத் துறைமுகத்திலிருந்து ஜப்பானியரை மறிக்கக் கப்பல்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து குரூசர் ரகப் போர்க்கப்பல்கள்: டி ருய்ட்டர், ஜாவா இரண்டும் டச்சு, எக்ஸிட்டர் பிரிட்டிஷ், ஹூஸ்டன் அமெரிக்கா, பெர்த் ஆஸ்திரேலியா. கூடவே மூன்று நாடுகளின் ஒன்பது நாசகாரிக் கப்பல்கள். இவை ஒரே அணியாகச் சேர்ந்து பயிற்சி செய்ததில்லை. பொதுவான சமிக்ஞைப் புத்தகம் இல்லை. டச்சுக்காரர் நினைத்த கட்டளையை ஆங்கிலமாக்கி மற்றக் கப்பல்களுக்குச் சொல்ல தொடர்பு அதிகாரி தேவைப்பட்டார்.

பிப்ரவரி 27 மாலை எக்ஸிட்டரின் கொதிகலன் அறையில் ஒரு குண்டு பாய்ந்தது. வேகம் சட்டென்று குறைந்தது, கப்பல் வரிசையை விட்டுத் திரும்பியது. பின்னால் வந்தவர்கள் என்ன நினைத்தார்கள்? தளபதி திரும்பச் சொல்லிவிட்டார், நமக்குத்தான் கட்டளை வந்து சேரவில்லை என்று நினைத்தார்கள். அவர்களும் திரும்பினார்கள். டி ருய்ட்டர் மட்டும் சிறிது நேரம் தனியாக முன்னே போய்க்கொண்டிருந்தது. அமெரிக்க நாசகாரிகளுக்கு அடுத்தடுத்து வந்த கட்டளைகள்: எதிர்த்துத் தாக்கு, ரத்து, புகைத்திரை போடு. இதில் எதைச் செய்வது?

அன்று இரவே டி ருய்ட்டரும் ஜாவாவும் மூழ்கின. டோர்மன் கப்பலோடு போனார். ஹூஸ்டனும் பெர்த்தும் மார்ச் 1 அதிகாலையில் சுந்தா நீரிணையில் மூழ்கின. எக்ஸிட்டர் அதே நாளில் பகலில் மூழ்கியது.

ஆகஸ்ட் 9

மொழி அவ்வளவு பெரிய தடையா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஆமாம். நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன்.

செங்கடலில் போய்க்கொண்டிருந்தோம். இரண்டாம் எஞ்சினியர் கிரேக்கர். எண்ணெய் போடுபவர்கள் பிலிப்பினோக்கள். நான் தமிழன். எரிஎண்ணெயைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் குழாய் இணைப்பில் வாஷர் கிழிந்து, சூடான எண்ணெய் விசிறியடித்தது. ஓரடி தள்ளி வெந்து தகிக்கும் புகைபோக்கிக் குழாய். இரண்டாம் எஞ்சினியர் ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர். அந்த நொடியில் அவர் வாயில் வந்தது கிரேக்கம். என் வாயில் வந்தது "ஐயோ, வால்வை மூடு". பிலிப்பினோ இளைஞன் ஓடிப்போய் வேறு வால்வை மூடினான். கடைசியில் எஞ்சினியர் என் தோளைப் பிடித்துத் திருப்பி விரலை நீட்டிய பிறகுதான் சரியான வால்வுக்குப் போனேன். பத்து நொடி இருக்கும். எண்ணெய் இரண்டு சாண் தள்ளி விழுந்திருந்தால் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் தலைமை எஞ்சினியர் செய்த காரியம்தான் முக்கியம். யாரையும் திட்டவில்லை. ஒரு தகட்டில் எண்களை வெட்டி, சிவப்புச் சாயம் கொடுத்து, ஒவ்வொரு வால்வின் சக்கரத்துக்கும் பக்கத்தில் எண் போடச் சொன்னார். ஒன்று முதல் நாற்பது வரை. நாள்தோறும் மாலையில் அவர் ஓர் எண்ணைக் கத்துவார், நாங்கள் ஓட வேண்டும். ஒரு வாரத்தில் யார் கண்ணைக் கட்டிவிட்டாலும் பதினேழுக்குப் போகத் தெரிந்துவிட்டது. பொதுச் சமிக்ஞைப் புத்தகம் என்றால் என்ன, சேர்ந்து பயிற்சி செய்வது என்றால் என்ன என்று அப்போது எனக்குப் புரிந்தது.

டோர்மனுக்கு அந்த ஒரு வாரம் கிடைக்கவில்லை.

பின்னாளில் எங்கள் கப்பல் சுரபாயாவுக்குப் போனபோது கெம்பாங் கூனிங் என்ற இடத்தில் உள்ள டச்சுப் போர்க் கல்லறைக்குப் போனேன். வெள்ளைச் சிலுவைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே டோர்மனின் நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர் கப்பல்களில் டச்சுக்காரர்களோடு இந்தோனேசிய மாலுமிகளும் இருந்தார்கள். எஞ்சின் அறையில் இருந்தவர்களைத்தான் நான் நினைத்துக்கொண்டு நின்றேன். மேலே என்ன கட்டளை வந்தது, எது ரத்தானது என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 10

முதல் உலகப் போரிலும் இதேதானா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. 1918 மார்ச் 21 அன்று ஜெர்மனி பெரும் தாக்குதல் தொடங்கியது. ஐந்தே நாளில், 26ஆம் தேதி, நேச நாட்டுத் தலைவர்கள் பிரான்சின் தூல்லான் ஊரில் கூடி, பிரெஞ்சுத் தளபதி ஃபோஷிடம் படைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டு இரத்தம் சிந்தியும் வராத ஒற்றுமை, வரிசை உடைந்த ஐந்து நாளில் வந்தது. ஏப்ரல் 3 அன்று போவேயில் அதிகாரத்தை விரிவாக்கினார்கள். ஆனால் ஒவ்வொரு நாட்டுத் தளபதியும், தன் படைக்கு ஆபத்து என்று கருதினால் தன் அரசிடம் முறையிடலாம் என்றும் எழுதிவைத்தார்கள். அந்தக் கதவு எந்தக் கூட்டுத் தலைமையிலும் மூடப்படவில்லை. மூடவும் முடியாது. தன் பிள்ளைகளை அனுப்பும் நாடு அந்தச் சாவியை யாரிடமும் கொடுக்காது.

ஆகஸ்ட் 12, காலை

இப்போது கண்டிக்கு வருகிறேன்.

1943 ஆகஸ்டில் கியூபெக் மாநாட்டில் தென்கிழக்கு ஆசியத் தலைமையை உருவாக்கி, 43 வயது மவுண்ட்பேட்டனை உச்ச தளபதியாக நியமித்தார்கள். அவர் கையில் இருந்த படையில் பிரிட்டிஷ், இந்திய, கூர்க்கா, ஆப்பிரிக்க, சீன, அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள்.

1944 மார்ச்சில் ஜப்பானியர் இம்பாலை நோக்கி எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தார்கள். பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம்முக்கு அங்கே உடனே கூடுதல் வீரர்கள் தேவை. ஐந்தாம் இந்திய டிவிஷன் பர்மாவின் மேற்குக் கரையான அரக்கானில் இருந்தது. சாலையிலும் ரயிலிலும் கொண்டுவந்தால் காலம் கடந்துவிடும். வானில் கொண்டுவரலாம், ஆனால் விமானம் போதாது. விமானங்கள் இல்லாமல் இல்லை. அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டி சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு அவை இரவு பகலாகப் பறந்துகொண்டிருந்தன. ஆனால் அவை அமெரிக்க விமானங்கள், சீனாவுக்காக ஒதுக்கியவை. வாஷிங்டன் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது.

மவுண்ட்பேட்டன் என்ன செய்தார் என்றால், 30 டக்கோட்டா ரகச் சரக்கு விமானங்களுக்கு ஈடானவற்றை எடுத்துக்கொள்கிறேன் என்று மேலிடத்துக்குத் தெரிவித்துவிட்டுக் காரியத்தைத் தொடங்கினார். வந்தவை 20 கமாண்டோ ரக விமானங்கள், டக்கோட்டாவைவிடப் பெரியவை. மார்ச் 19 முதல் ஐந்தாம் டிவிஷன் பறக்கத் தொடங்கியது. ஆட்கள் மட்டும் இல்லை. பீரங்கி, ஜீப், கோவேறு கழுதை எல்லாம் ஏறின. அரக்கான் காட்டில் நேற்றுவரை சுட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே இறங்கி இம்பால் சண்டைக்குள் நடந்தார்கள். அந்த டிவிஷனின் 161ஆவது பிரிகேட் கொஹிமாவுக்குப் பக்கத்தில் உள்ள திமாப்பூருக்குப் போனது. கொஹிமா முற்றுகையைத் தாங்கியவர்களின் நடுவில் நின்றது அந்தப் பிரிகேடைச் சேர்ந்த பட்டாலியன்தான்.

அமெரிக்க விமானம், இந்திய சிப்பாய், பிரிட்டிஷ் தளபதி, சீனாவுக்கு என்று எழுதியிருந்த பெட்ரோல். இவற்றை ஒரே கயிற்றில் கோக்க ஸ்லிம்மால் முடியாது, அவர் ஒரு படையின் தளபதி. லண்டனால் முடியாது, விமானம் அவர்களுடையது இல்லை. வாஷிங்டனால் முடியும், ஆனால் கடிதம் போய்த் திரும்புவதற்குள் இம்பால் போயிருக்கும். இரண்டு அரசுகளின் பெயரிலும் ஒரே நேரத்தில் கையெழுத்துப் போடக்கூடிய ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. கண்டியில் அந்த நாற்காலி இருந்தது. கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான்.

ஆகஸ்ட் 12, இரவு

திருத்தம். காலையில் எழுதியதில் ஒரு பிழை, அதுவும் முக்கியமான இடத்தில். 1944 மார்ச்சில் தலைமையகம் கண்டியில் இல்லை, டெல்லியில்தான் இருந்தது. பேராதனைக்கு மாறியது ஏப்ரலில். நாற்காலி என்று நான் எழுதியது சரி, ஊர் தவறு. ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார், நன்றி.

இதனால் கேள்வி கேட்டவரின் கட்சிக்கு வலு கூடிவிட்டதே என்று நினைக்கலாம். கூடவில்லை. பிறகு அந்த விமானங்களைத் திருப்பிக் கொடு என்று நெருக்கடி வந்தபோது, இம்பால் சண்டைக்குத் தேவைப்படும்வரை விட மாட்டேன் என்று வாதாடியதும், மத்தியதரைக் கடல் முனையிலிருந்து கூடுதல் விமானங்களை வாங்கியதும் அதே தலைமைதான். சர்ச்சில் அதற்குத் துணை நின்றார். முற்றுகையில் இருந்த இம்பாலுக்கு அரிசியும் மாவும் குண்டும் வானிலிருந்தே போயின. ஜூன் 22 அன்றுதான் சாலை திறந்தது.

ஆகஸ்ட் 14

ஸ்டில்வெல்லைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். இதை மெதுவாகப் படியுங்கள். ஒரு மனிதருக்கு எத்தனை தொப்பி என்று பாருங்கள்.

அமெரிக்கரான ஸ்டில்வெல் மவுண்ட்பேட்டனுக்குத் துணை உச்ச தளபதி. சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கின் தலைமை அலுவலரும் அவரே. சீனா, பர்மா, இந்தியா முனையில் உள்ள அமெரிக்கப் படைகளுக்கும் அவரே தளபதி. இவ்வளவும் போதாதென்று வட பர்மாவில் சீன வீரர்களை நேரடியாக நடத்திக்கொண்டும் இருந்தார். துணை உச்ச தளபதி என்ற முறையில், தரைப்படைத் தளபதி ஜிஃபர்டுக்கு அவர் மேலே. வட பர்மாவில் போரிடும் தளபதி என்ற முறையில் அதே ஜிஃபர்டுக்குக் கீழே. ஜிஃபர்டின் கீழ் வர மாட்டேன் என்றார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

கூட்டம் நடந்தது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு திடீரென்று அவரே சொன்னார்: வட பர்மாவின் காமாயிங் ஊருக்குப் போய்ச் சேரும்வரை ஸ்லிம்முக்குக் கீழ் இருக்கிறேன். ஸ்லிம்மோ ஜிஃபர்டுக்குக் கீழ் உள்ளவர்! மேலதிகாரியை ஏற்க மறுத்தவர், அந்த மேலதிகாரிக்குக் கீழ் உள்ளவரை ஏற்றுக்கொண்டார். எந்த அமைப்பு வரைபடத்திலும் இதை வரைய முடியாது. ஆனால் நடந்தது. ஸ்லிம்மும் அவரும் 1942 பின்வாங்கலில் ஒன்றாகத் துன்பப்பட்டவர்கள், ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவார்கள். ஜூன் 16 அன்று காமாயிங் விழுந்தது. சொன்னபடியே அன்றோடு அந்த ஏற்பாடு முடிந்து, அவர் நேராக மவுண்ட்பேட்டனின் கீழ் வந்தார்.

நம்பிக்கை இருக்கும் இடத்தில் வரைபடம் தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 15

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். இரவெல்லாம் அதுவே உறுத்திக்கொண்டிருந்தது.

எல்லாம் ஆளைப் பொறுத்தது என்றால் லெம்பாங் ஏன் தோற்றது? பெயர்களை மறுபடி பாருங்கள். ஆப்டாவில் வேவலின் தலைமை அலுவலர் பவ்னல். 1943இல் மவுண்ட்பேட்டனின் தலைமை அலுவலர் அதே பவ்னல். ஆப்டாவின் விமானத் தளபதி பியர்ஸ். மவுண்ட்பேட்டனின் விமானத் தளபதி அதே பியர்ஸ். ஒரே ஆட்கள், ஒரே எதிரி. ஒரு முறை 41 நாளில் சிதறியது, மறுமுறை நின்று வென்றது.

வேறுபாடு எதில் என்று யோசித்தால், முதலாவது, 1942இல் பகிர்ந்துகொள்ளவே ஒன்றும் இல்லை. வேவலுக்கு அதிகாரம் இருந்தது, கொடுக்க விமானம் இல்லை. வெறும் பானையை யார் அகப்பை பிடித்துக் கிண்டினாலும் சோறு வராது. இரண்டாவது, 1943 டிசம்பரில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானப் படைகளைப் பியர்ஸின் கீழ் ஒரே கிழக்கு வான்படைத் தலைமையாக இணைத்து, அமெரிக்கரான ஸ்டிராட்டமயரிடம் கொடுத்திருந்தார்கள். அப்படி முன்கூட்டியே எண் போட்டுவைத்ததால்தான் மார்ச்சில் கத்தியபோது சரியான வால்வுக்கு ஓட முடிந்தது. ஸ்லிம்மும் ஸ்டில்வெல்லும் நம்பிக்கைக்கு நல்ல உதாரணம். ஆனால் அந்த ஏற்பாடு காமாயிங்வரைதான் ஓடியது. அக்டோபரில் சியாங்கோடு மோதி ஸ்டில்வெல் திரும்ப அழைக்கப்பட்டார். அதற்குப் பிறகும் கூட்டுத் தலைமை நடந்துகொண்டுதான் இருந்தது.

ஆகஸ்ட் 18

திருகோணமலைக்காரர் ஒருவர், எங்கள் துறைமுகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறார். நியாயம்தான்.

1944 மார்ச் கடைசியில் அமெரிக்காவின் சரடோகா என்ற விமானம் தாங்கிக் கப்பல், திருகோணமலையில் இருந்த பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில்லின் கிழக்குக் கடற்படையோடு சேர்ந்தது. பிரிட்டனின் இலஸ்டிரியஸ், பிரான்சின் ரிஷலியூ, டச்சுக்காரர்களின் டிரோம்ப், ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துக் கப்பல்கள் எல்லாம் ஒரே அணியில். ஜாவாக் கடலில் இருந்ததைவிடக் கலப்பான கூட்டம். ஆனால் இம்முறை சில வாரங்கள் பிடித்துச் சேர்ந்து பழகினார்கள். சரடோகாவின் விமானிகள் இலஸ்டிரியஸ் விமானிகளுக்குத் தங்கள் முறையைக் காட்டிக்கொடுத்தார்கள். இலஸ்டிரியஸ் மேல்தளத்தில் நின்ற சண்டை விமானங்களும் அமெரிக்கத் தயாரிப்பான கோர்செயர்கள். ஏப்ரல் 19 அன்று சுமத்ரா முனையில் உள்ள சபாங் துறைமுகத்தைத் தாக்கினார்கள். ஜப்பானியர் எதிர்பார்க்கவே இல்லை. மே 17 அன்று சுரபாயா. டோர்மன் எந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டாரோ, அதே துறைமுகம்.

இத்தனைக்கும் சோமர்வில்லுக்கும் மவுண்ட்பேட்டனுக்கும் ஆகவே ஆகாது. கடற்படை யாருக்குக் கட்டுப்பட்டது என்று ஓயாத சச்சரவு. கப்பல்கள் சேர்ந்து போவதை அந்தச் சச்சரவு தடுக்கவில்லை.

ஆகஸ்ட் 19

எதிர்த்தரப்பு என்ன செய்தது என்று கேட்டவருக்கு: ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் ஒப்பந்தம் இருந்தது, கூட்டுத் தலைமை இல்லை. ஜப்பானுக்குள்ளேயே தரைப்படையும் கடற்படையும் ஒன்றையொன்று நம்பியதில்லை.

ஆகஸ்ட் 21

கேள்வி கேட்ட நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார்: "விமானக் கதையை ஏற்கிறேன். ஆனால் பூங்காவில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் எதற்கு?"

இதில் நானும் அவர் பக்கம்தான். பேராதனைக்கு நான் போயிருக்கிறேன். மகாவலி மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போகிறது. ராஜபனை மரங்கள் தூண் வரிசை மாதிரி நிற்கின்றன. பெரிய புல்வெளியின் நடுவில் ஜாவா அத்தி ஒன்று, அதன் கிளை விரிப்பின் கீழ் ஒரு கல்யாணப் பந்தியையே போடலாம். அந்த நிழலில் நின்றபோது, சேறும் மலேரியாவுமாகக் கிடந்த பர்மா எல்லையை இங்கிருந்து எப்படி உணர்ந்திருக்க முடியும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அந்தக் காலத்திலேயே இந்தக் குறை சொல்லப்பட்டது. அலுவலகம் தானாகப் பெருகும், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நாற்காலி, ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு உதவியாளர். இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். முதல் குறிப்பில் "முழுமூச்சாக" என்று எழுதினேன். அந்தச் சொல்லை விமானங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அமெரிக்க வீரர்கள் அந்தத் தலைமையின் ஆங்கிலச் சுருக்கப் பெயரான SEAC என்பதற்குக் கேலியாக ஒரு விரிவு வைத்திருந்தார்கள்: இங்கிலாந்தின் ஆசியக் காலனிகளைக் காப்பாற்று. கேலிதான். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. நான் இதுவரை அதைத் தொடவில்லை. அடுத்த வாரம் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 27

எழுத ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். இது எனக்குக் கனமான பகுதி.

1945 மே மாதம் ரங்கூன் மீண்டது. ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டன் சரணடைவை ஏற்றார். போர் முடிந்தது, கூட்டுத் தலைமை முடியவில்லை. நேச நாடுகளின் போட்ஸ்டாம் மாநாட்டு முடிவின்படி அதன் பரப்பு இன்னும் பெருகியது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும், 16ஆவது அட்சரேகைக்குத் தெற்கே உள்ள இந்தோசீனாவும் சேர்ந்தன. ஜப்பானியரிடமிருந்து ஆயுதம் வாங்க வேண்டும், போர்க்கைதிகளை மீட்க வேண்டும். கேட்பதற்கு எளிய வேலை.

கைதிகளை மீட்கத் தனி அமைப்பே இருந்தது. அதன் பெயரிலேயே "நேச நாட்டுப் போர்க்கைதிகள், தடுப்புக் காவலில் இருந்தவர்கள்" என்று இருந்தது. ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்க் கூலிகள் அந்த இரண்டு சொல்லுக்குள்ளும் அடங்கவில்லை. அவர்களில் பல்லாயிரம் பேர் காட்டிலேயே செத்திருந்தார்கள். பிழைத்தவர்கள் வரிசையில் கடைசி ஆனார்கள். எல்லா வால்வுக்கும் எண் போட்ட தலைமை, இவர்களுக்கு எண் போட மறந்துவிட்டது.

ஜாவாவிலும் இந்தோசீனாவிலும் நடந்தது இன்னும் பெரிது. மக்கள் விடுதலையை அறிவித்துவிட்டார்கள். பழைய எஜமானர்கள் திரும்பி வரப் பார்த்தார்கள். நடுவில் நின்றது கூட்டுத் தலைமை, அதன் கையில் இருந்தவர்கள் இந்திய சிப்பாய்கள். சைகோனுக்கு இருபதாம் இந்திய டிவிஷன் போனது. சுரபாயாவில் அக்டோபர் 30 அன்று பிரிட்டிஷ் பிரிகேடியர் மல்லாபி கொல்லப்பட்டார். நவம்பர் 10 அன்று நகரத்தின் மீது பெரும் தாக்குதல் தொடங்கியது. தாக்கப் போனது எந்த டிவிஷன் தெரியுமா? ஐந்தாம் இந்திய டிவிஷன். அமெரிக்க விமானத்தில் ஏறி இம்பாலைக் காக்கப் பறந்த அதே டிவிஷன். மரை பொருந்திவிட்டது, இயந்திரம் ஓடுகிறது, ஆனால் எந்தத் துணியை நெய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இந்தியாவே விடுதலைக்காகக் கொதித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

எங்கள் கப்பல் சுரபாயாவில் பழுது பார்க்க நின்றதில் ஒரு நவம்பர் 10 வந்தது. அங்கே அது வீரர் தினம். காலையில் வேலைக்கு வந்த கப்பல்துறை மேஸ்திரி, என்னைவிட இருபது வயது மூத்தவர், புதுச் சட்டை போட்டிருந்தார். நான் இந்தியன் என்று தெரிந்ததும் தன் தந்தையைப் பற்றிச் சொன்னார். அந்த மாதத்தில் தெருவில் மூங்கில் ஈட்டியோடு நின்றவராம். எதிரே தலைப்பாகை கட்டியவர்கள் வந்தார்களாம். "அவர்களுக்கு எங்கள் மேல் என்ன கோபம்?" என்று கேட்டார். கோபம் இல்லை என்றேன். மவுண்ட்பேட்டனின் பெயரைச் சொன்னேன், கூட்டுத் தலைமை, போட்ஸ்டாம் முடிவு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அப்படி ஒரு தலைமை இருந்ததை அவர் கேள்விப்பட்டதே இல்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் அவர்களை அனுப்பியவர் இங்கே வரவே இல்லையா?" என்று கேட்டார்.